குளிரைத் தடுப்பது காற்றே!
பனிச்சறுக்குக்குப் புறப்படும் மாணவருக்கு ஓர் ஆடைப் பாடம்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்த மங்களூர் வட்டாரத்தைப் பலர் அறிந்திருப்பீர்கள். மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி அது. கோடையில் வெயில் அங்கே 40 டிகிரி சென்டிகிரேடைத் தொடும். அந்த வெயிலுக்கு ஏற்ற உடை எது என்று கேட்டால், சிறு பிள்ளையும் “பருத்தி” என்று சொல்லிவிடும். வியர்வையை உறிஞ்சி, காற்றுப் பட்டதும் ஆவியாக விட்டு, உடலைக் குளிர்விப்பதில் பருத்திக்கு நிகர் இல்லை.

இப்போது அதே ஊர் மாணவர் ஒருவர் இமயமலைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இது நடவாத காரியமன்று. தேசிய மாணவர் படையினர் மலையேற்றப் பயிற்சிக்காக டார்ஜிலிங், உத்தரகாசி போன்ற இடங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். காஷ்மீரத்தின் குல்மார்க்கில் பனிச்சறுக்குக் கற்பிக்கும் மத்திய அரசின் பயிற்சி நிலையமே இருக்கிறது. நம் மாணவர் தம்மிடம் உள்ள நல்ல பருத்திச் சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அணிந்துகொண்டு பனியில் இறங்கினால் என்ன ஆகும்? முதல் அரை மணி நேரம் ஒன்றும் ஆகாது. அதன் பிறகு அவர் நடுங்கத் தொடங்குவார். வெயிலில் நண்பனாக இருந்த பருத்தி, பனியில் பகையாகிவிடும்.

இது ஏன்? இதற்கு விடை தெரிந்தால், பனிச்சறுக்குக்கு எதை விலை கொடுத்து வாங்க வேண்டும், எதை வாடகைக்கு எடுக்கலாம், வீட்டில் உள்ள எதைக் கொண்டு சமாளிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு இயற்பியலே இதற்குப் போதுமானது.

பலகையின் கதை

பனியில் வழுக்கிச் செல்ல இரண்டு முறைகள் உண்டு. காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட சட்டங்களைக் கட்டிக்கொண்டு செல்வது ஸ்கீ. இரண்டு கால்களையும் ஒரே அகன்ற பலகையில் பிணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று செல்வது ஸ்னோபோர்டு. பனிச்சறுக்குப் பலகை என்று சொல்லலாம். ஸ்கீ பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடையது. பலகையோ நேற்றுப் பிறந்தது. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீக்களைச் சேர்த்துப் பிணைத்தார். அதுவே இன்றைய பலகையின் முன்னோடி. 1977இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் பலகைகளைத் தொழிலாகச் செய்யத் தொடங்கினார். 1998இல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முதலாக இடம்பெற்றது. நம் நாட்டில் 2020இல் முதன்முறையாக நடந்த ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுகளில், குல்மார்க்கில் பலகைப் போட்டிகளும் நடைபெற்றன.

கற்பவருக்கு இவ்விளையாட்டில் ஒரு தனித்தன்மை உண்டு. இரண்டு கால்களும் பலகையில் பிணைக்கப்பட்டிருப்பதால், தொடக்கத்தில் அவர் நிற்கும் நேரத்தைவிடப் பனியில் உட்கார்ந்தும் மண்டியிட்டும் கிடக்கும் நேரமே அதிகம். விழுந்து விழுந்து எழுவதால் வியர்க்கும். ஆகவே அவரை இரண்டு பக்கமிருந்தும் நீர் தாக்குகிறது. வெளியிலிருந்து உருகும் பனி, உள்ளிருந்து வியர்வை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கம்பளி சூடு தருமா?

“கம்பளி சூடாக இருக்கிறது” என்கிறோம். ஒரு வெப்பமானியைக் கம்பளிக்குள் சுற்றி ஓர் இரவு மேசைமேல் வைத்துப் பாருங்கள். காலையில் அது அறையின் வெப்பநிலையையே காட்டும். கம்பளிக்குத் தனக்கென்று சூடு கிடையாது. சூடு உடலிலிருந்து வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறத்தாழ 100 வாட், அதாவது நொடிக்கு 100 ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறார். அந்த வெப்பம் ஓடிவிடாமல் பிடித்துவைப்பதே ஆடையின் வேலை.

எதைக் கொண்டு பிடித்துவைக்கிறது? காற்றைக் கொண்டு! அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். அதன் வெப்பக் கடத்துத் திறன் ஏறத்தாழ 0.025 அலகு, நீருக்கோ 0.6 அலகு. அதாவது நீர் காற்றைப்போல் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. கம்பளி இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் அவற்றின் இடையே எண்ணற்ற காற்றுப் பைகள் சிக்கிக்கொள்கின்றன. அந்தக் காற்றுதான் உண்மையான போர்வை. இழை அதற்கு வேலி.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பீங்கான் சூளையின் உள்ளே வெப்பநிலை 1,200 டிகிரிக்கும் மேலே போகும். அந்த வெப்பம் வெளியே கசியாமல் இருக்க, சூளைகளில் ஒருவகைக் கனமற்ற செங்கல்லைப் பயன்படுத்துகிறார்கள். களிமண்ணுடன் மரத்தூள் போன்ற எரியும் பொருளைக் கலந்து சுட்டால், தூள் எரிந்துபோய்ச் செங்கல்லில் நுண்ணிய துளைகள் உண்டாகும். துளைகளில் நிறைந்த காற்று வெப்பத்தைத் தடுக்கும். சூளைக்குச் செங்கல்லில் அடைபட்ட காற்று. மனிதனுக்குக் கம்பளியில் அடைபட்ட காற்று. தத்துவம் ஒன்றே.

ஆனால் அடைபட்ட காற்றுக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று வீசும் காற்று. அது இழைகளின் இடையே புகுந்து, சூடேறிய காற்றை அடித்துக்கொண்டு போய்விடும். மற்றொன்று நீர். அது காற்றுப் பைகளை நிரப்பிக்கொண்டு வெப்பத்துக்கு வழிதிறந்துவிடும்.

பருத்தி ஏன் பகையாகிறது?

ஒரே ஈரப்பதமுள்ள சாதாரண அறையில் 100 கிராம் உலர்ந்த இழையை வைத்தால், காற்றிலிருந்து பருத்தி ஏறத்தாழ 8 கிராம் நீரையும், கம்பளி ஏறத்தாழ 16 கிராம் நீரையும், பாலியெஸ்டர் அரைக் கிராமுக்கும் குறைவான நீரையும் ஏற்றுக்கொள்ளும்.

“அப்படியானால் பருத்தியைவிடக் கம்பளியல்லவா அதிக நீரை ஏற்கிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கம்பளி நீரை இழையின் உட்புறத்தே ஏற்றுக்கொள்கிறது. மேற்புறம் எளிதில் நனைவதில்லை. நனைந்தாலும் அதன் சுருள் முழுவதும் தளர்வதில்லை. ஆதலால் காற்றுப் பைகள் பெரும்பாலும் காப்பாற்றப்படுகின்றன. பருத்தி நனைந்தால் துவண்டு உடலோடு ஒட்டிக்கொள்ளும். காற்று இருந்த இடமெல்லாம் நீர் நிற்கும். பாலியெஸ்டர் இழை நீரைக் குடிப்பதே இல்லை. இழைகளுக்கிடையே நின்ற நீரும் விரைவில் உலர்ந்துவிடும்.

இன்னொரு தீமையும் உண்டு. நீர் ஆவியாக வெப்பம் வேண்டும் என்று உள்ளுறை வெப்பம் பற்றிய பாடத்தில் படித்திருக்கிறீர்கள். உடலின் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் தேவை. வியர்வையும் பனிநீருமாகச் சட்டையில் 200 கிராம் நீர் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் உடலின் சூட்டாலேயே உலர வேண்டுமானால்,

200 × 2,400 = 4,80,000 ஜூல்

தேவைப்படும். நொடிக்கு 100 ஜூல் வெளியிடும் உடல் இதைக் கொடுக்க 4,800 நொடி, அதாவது 80 நிமிடம் ஆகும். உடலைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டிய வெப்பம் 80 நிமிடங்களுக்குச் சட்டையை உலர்த்தவே போய்விட்டால் உடலுக்கு என்ன மிஞ்சும்? மங்களூர் வெயிலில் நமக்கு இதம் தந்த அதே ஆவியாதல்தான் இங்கே ஆளை வாட்டுகிறது.

உடலின் உட்புற வெப்பநிலை இயல்பாக ஏறத்தாழ 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. விடாத நடுக்கம், பேச்சுக் குழறல், கை தடுமாறல் ஆகியவை அதன் அறிகுறிகள். அத்தகையவரை உடனே காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் போர்த்தி, மருத்துவ உதவி தேட வேண்டும். ஆகவே எந்தத் துணி என்பது அழகைப் பற்றிய கேள்வியன்று. உயிரைப் பற்றிய கேள்வி.

மூன்று அடுக்குகள்

ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேலானவை. அடுக்குகளின் இடையிலும் காற்று தங்கும். வியர்த்தால் ஒன்றைக் கழற்றவும் முடியும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு தொழில் உண்டு.

உள் அடுக்கு: உடலை ஒட்டி இருப்பது. வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுவது இதன் வேலை. இதற்கு விலை உயர்ந்த ஆடை தேவையில்லை. பள்ளிக் கபடிக் குழுவுக்கோ கால்பந்துக் குழுவுக்கோ தைத்துக் கொடுக்கும் ‘ஜெர்சி’ பெரும்பாலும் பாலியெஸ்டரே. முழுக்கை ஜெர்சி ஒன்றும், உடலோடு ஒட்டும் பாலியெஸ்டர் கால்சட்டை ஒன்றும் போதும். ஓர் எச்சரிக்கை: கடையில் ‘தெர்மல்’ என்ற பெயரில் விற்கும் உள்ளாடைகளில் பருத்தி கலந்தவையும் உண்டு. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். உட்புறம் தைத்துள்ள சீட்டில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று இருப்பதைப் படித்து வாங்குங்கள்.

நடு அடுக்கு: காற்றைச் சிறைப்பிடிப்பது. வீட்டில் பழைய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் ‘ஃப்ளீஸ்’ எனப்படும், பஞ்சுபோல் மேற்புறம் எழும்பிய பாலியெஸ்டர் மேலாடை. ஊட்டியில் திபெத்தியர் நடத்தும் ஆடைச் சந்தையிலும், குளிர்காலத்தில் தமிழக நகரங்களில் அவர்கள் போடும் கடைகளிலும் இவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். இந்த அடுக்கில் புதியது, பழையது என்ற வேறுபாடு இல்லை. காற்றைப் பிடிக்கும் திறன் பழைய ஸ்வெட்டருக்கும் உண்டு.

வெளி அடுக்கு: பனியையும் வீசும் காற்றையும் தடுப்பது. மேல் அங்கியும் கால்சட்டையும் ஆக இரண்டு தேவை. பனியிலேயே உட்காருபவருக்கு மேல் அங்கியைவிடக் கால்சட்டை முக்கியம். ‘ஜீன்ஸ்’ பெரும்பாலும் பருத்தியே. தடித்த துணியாதலால் நனைந்தால் எளிதில் உலராது. அதைப் பனியில் அணியவே கூடாது.

காஷ்மீர மக்கள் காலங்காலமாக அணியும் ‘ஃபெரன்’ என்ற தொளதொளத்த கம்பளி அங்கியைப் பாருங்கள். இறுக்கமின்றி, உள்ளே காற்றுக்கு இடம் விட்டே அதைத் தைக்கிறார்கள். அடுக்குத் தத்துவம் புதிதன்று.

10,000 மி.மீ. என்றால் என்ன?

வெளி அடுக்கு வாங்கப்போனால் சீட்டில் 5,000 மி.மீ., 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று எழுதியிருக்கும். எண் ஏற ஏற விலையும் ஏறும். இந்த எண்ணின் பொருள் இதுதான்: துணியின்மேல் ஒரு குழாயை நிறுத்தி அதில் நீரை ஊற்றிக்கொண்டே போனால், எத்தனை உயரம் வரை துணி ஒழுகாமல் தாங்கும் என்பது. 10,000 மி.மீ. என்றால் 10 மீட்டர் உயர நீர்.

நமக்கு எவ்வளவு தேவை? கணக்கிட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம், சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 நியூட்டன். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவரின் எடை ஏறத்தாழ 500 நியூட்டன் விசை. அவர் 500 சதுர செ.மீ. பரப்பு பனியில் பதிய உட்கார்ந்தால்,

அழுத்தம் = 500 ÷ 500 = 1 நியூட்டன்; அதாவது 1,000 மி.மீ. நீர்.

மண்டியிடும்போது இரண்டு முழங்கால்களுமாக 100 சதுர செ.மீ. பதிகிறதென்றால்,

அழுத்தம் = 500 ÷ 100 = 5 நியூட்டன்; அதாவது 5,000 மி.மீ. நீர்.

ஆகவே 5,000 என்பது விளிம்பில் நிற்கும் அளவு. 10,000 இருந்தால் கற்பவருக்கு வேண்டிய பாதுகாப்பு உண்டு. 20,000 எண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் முதல் பயணத்தில் வீண். தையல் துளைகளின் மேல் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டாவிட்டால் எந்த எண்ணாலும் பயன் இல்லை. நீர் ஊசித் துளை வழியே வந்துவிடும்.

“சாதாரண பிளாஸ்டிக் மழைக்கோட்டு நீரை விடாதே, அது போதாதா?” என்று தோன்றலாம். அது நீரை உள்ளே விடாது. வியர்வை ஆவியை வெளியேயும் விடாது. ஆவி உட்புறத்தில் குளிர்ந்து நீராகி உங்களையே நனைக்கும். இதற்கு 1969இல் ஒரு தீர்வு பிறந்தது. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் டெஃப்லான் என்ற பொருளைச் சட்டென்று இழுத்து விரித்தால் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாவதை அமெரிக்கரான பாப் கோர் கண்டார். அத்துளைகள் நீர்த்துளியைவிட மிகச் சிறியவை. நீராவி மூலக்கூற்றைவிடப் பெரியவை. ஆகவே ஆவி வெளியேறும், மழை உள்ளே வராது. இதே நோக்கத்துடன் விலை குறைந்த வேறு படலங்களும் இன்று வந்துவிட்டன.

தலை, கண், கை, கால்

தலைக்கவசம்: இதில் சிக்கனம் கூடாது. உள்ளே இருக்கும் நுரை தானே நசுங்கி அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழையபடி நிமிராது. வெளியே தெரியவும் தெரியாது. ஆகவே வரலாறு தெரியாத பழைய கவசத்தை வாங்காதீர்கள். பனிச்சறுக்குக்கென உள்ள தரமுத்திரை ‘ஈ.என். 1077’ இருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி: புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். உயரே ஏற ஏற, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் அக்கதிர் கூடுகிறது. பாதுகாப்பின்றிப் பார்த்தால் கண் கூசி, வீங்கி, தற்காலிகமாகப் பார்வையே மங்கும். வெறும் கறுப்புக் கண்ணாடி பயன்படாது. ‘யு.வி. 400’ என்ற குறிப்பு அவசியம்.

கை: பலகை கற்பவர் விழும்போது இயல்பாகக் கையை ஊன்றுகிறார், ஆதலால் மணிக்கட்டுக் காயமே அவர்களிடம் மிகுதி. மணிக்கட்டுக் காப்பு விலை குறைந்தது, பயன் பெரிது. கையுறையில் நான்கு விரல்களும் ஒன்றாக இருக்கும் பை வடிவம் அதிகச் சூடு தரும். வெளியே தெரியும் பரப்பு குறைவதால் வெப்ப இழப்பும் குறைகிறது.

கால்: ஒரே ஒரு ஜோடி கம்பளிக் காலுறை போதும். குளிருக்கு அஞ்சி மூன்று ஜோடி அணிந்தால் காலணி இறுகி இரத்த ஓட்டம் குறையும். விரல்கள் முன்னைவிட வேகமாகச் சில்லிடும்.

பலகையை வாங்கலாமா?

மணலிலும் சேற்றிலும் புதையாமல் இருக்க அகன்ற பலகையைப் போட்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பனிப் பலகையும் அதே வேலையைச் செய்கிறது. 50 கிலோகிராம் எடையுள்ளவர் இரண்டு காலணிகளில் நின்றால் பரப்பு ஏறத்தாழ 400 சதுர செ.மீ.; அழுத்தம் 1.25 நியூட்டன். 140 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் நின்றால் பரப்பு 3,500 சதுர செ.மீ.; அழுத்தம் 0.14 நியூட்டன்தான். ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! அதனால்தான் அவர் புதையாமல் வழுக்கிச் செல்கிறார்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. எடை மாறினால் பலகையின் அளவும் மாற வேண்டும். நீங்களோ வளரும் வயதினர். இவ்வாண்டு பொருந்தும் பலகையும் காலணியும் அடுத்த ஆண்டு பொருந்துவது ஐயமே. எனவே பலகை, அதன் பிணைப்பு, காலணி மூன்றையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். குல்மார்க்கில் இவற்றை வாடகைக்குத் தரும் கடைகள் உள்ளன. எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பலகையின் எஃகு விளிம்பு பிளந்திருக்கக் கூடாது. அடிப்பக்கத்தில் ஆழ்ந்த வெடிப்பு கூடாது. பிணைப்பின் திருகுகள் ஆடக் கூடாது. காலணியை அணிந்து நேரே நின்றால் கால்விரல் முன்பக்கத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது.

செலவு வரிசை

கையில் உள்ள பணம் குறைவு என்றால் அதைக் கீழ்க்கண்ட வரிசையில் செலவிடுங்கள்.

1. தரமான புதிதாக வாங்க வேண்டியவை: கண்ணாடி, மணிக்கட்டுக் காப்பு, நீர் புகாத கையுறை, கம்பளிக் காலுறை. தலைக்கவசமும் இவ்வகையே, நம்பத்தக்க பயிற்சி நிலையம் தந்தால் வாங்க வேண்டியதில்லை.
2. மலிவானதாகவோ பழையதாகவோ பெறக்கூடியவை: உள் அடுக்கு, நடு அடுக்கு, குல்லாய்.
3. இரவலாகவோ வாடகைக்கோ பெற வேண்டியவை: வெளி அங்கியும் கால்சட்டையும். கிடைக்காவிட்டால் 10,000 மி.மீ. தரத்தில் கால்சட்டையை முதலில் வாங்குங்கள்.
4. வாடகைக்கு மட்டும்: பலகை, பிணைப்பு, காலணி.
5. வீட்டிலேயே விட்டுச்செல்ல வேண்டியவை: ஜீன்ஸ், பருத்திப் பனியன், பருத்திக் காலுறை. (ஊர் திரும்பியதும் அணிந்துகொள்ளுங்கள்!)

குல்மார்க் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவடத் தொட்டியில் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை செல்லலாம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேலே போவோருக்கும் கீழே கற்போருக்கும் ஒரே ஆடை போதுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

செய்து பாருங்கள்

தேவை: ஒரே அளவுள்ள எவர்சில்வர் டம்ளர்கள் மூன்று, வெப்பமானி, ஒரு பருத்தித் துணி, அதே அளவில் ஒரு பாலியெஸ்டர் துணி, மின்விசிறி, தராசு.

முதல் டம்ளரை உலர்ந்த பருத்தித் துணியால் சுற்றுங்கள். சற்றுப் பொறுத்து வேறொரு முறை அதையே உலர்ந்த பாலியெஸ்டரால் சுற்றியும் பார்க்கலாம். இரண்டாவதை நனைத்துப் பிழிந்த பருத்தியாலும், மூன்றாவதை நனைத்துப் பிழிந்த பாலியெஸ்டராலும் சுற்றுங்கள். சுற்றும் முன் ஈரத் துணிகளை நிறுத்து, எது எத்தனை கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் 60 டிகிரி வெப்பமுள்ள நீரைச் சம அளவு ஊற்றி (பெரியவர் உதவியுடன்), மின்விசிறியின் எதிரே வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, 20 நிமிடம் வரை வெப்பநிலையை எழுதி வரைபடம் வரையுங்கள். எது முதலில் ஆறுகிறது?

சிந்திக்க

1. மேற்கண்ட சோதனையை மின்விசிறி இல்லாமல் செய்தால் வரைபடம் எவ்வாறு மாறும்? ஏன்?
2. 40 கிலோகிராம் எடையுள்ள மாணவர் ஒரே முழங்காலில், 50 சதுர செ.மீ. பரப்பு பதிய நிற்கிறார். அவருடைய கால்சட்டை எத்தனை மி.மீ. நீரைத் தாங்க வேண்டும்?
3. பறவை குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொள்வது ஏன்? சூளைச் செங்கல்லோடு ஒப்பிட்டு விளக்குக.
4. மங்களூர் வயலில் வேலை செய்பவருக்குப் பாலியெஸ்டர் ஜெர்சியைவிடப் பருத்திச் சட்டை ஏன் சிறந்தது? உள்ளுறை வெப்பத்தைக் கொண்டு விடை தருக.